கடலே வேலி

சென்னையிலிருந்து புறப்படும் பயணியர் கப்பல் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஹட்டோ துறையை அடைகிறது. நம் தீவில் இன்று காணப்படும் ஆடு, மாடு, எருமை, யானை, புள்ளிமான் ஆகிய எவையும் அந்தமான் மண்ணில் தோன்றியவை அல்ல. அவை அனைத்தும் ஏதோ ஒரு காலத்தில் கப்பலேறி வந்தவையே. மரம் இழுப்பதற்காக யானைகள் கொண்டுவரப்பட்டன. 1962-இல் மர நிறுவனம் ஒன்று தொழிலைக் கைவிட்டபோது, ஏறத்தாழ நாற்பது யானைகள் இன்டர்வியூ தீவில் விடப்பட்டுக் காட்டு விலங்குகளாயின. புள்ளிமானை ஆங்கிலேயர் கொணர்ந்தனர். அதனை அடித்துண்ணும் புலியோ சிறுத்தையோ இங்கு இல்லாமையால் அது பல்கிப் பெருகி, காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்து அழித்து வருகிறது. மழைக்காலத்தில் நம் பள்ளிச் சுவர்களில் ஊரும் பெரிய ஆப்பிரிக்க நத்தையும் வந்தேறியே.

கண்ணுக்குத் தெரியும் விலங்கே இவ்வளவு மாற்றம் விளைக்குமாயின், அவ்விலங்கின் குருதியிலும் எச்சிலிலும் மறைந்து வரும் நோய்க்கிருமி என்ன செய்யும்? இவ்வினாவிற்கு மனிதன் கண்ட விடையே தொற்றொதுக்கம். வெளியிலிருந்து வரும் உயிரைச் சில காலம் தனியே வைத்து, நோயின்மை உறுதியான பின்னரே உள்ளே விடுவது அதன் முறை.

இம்முறை முதலில் மனிதர்க்கே ஏற்பட்டது. கொள்ளைநோய்க்கு அஞ்சிய ரகூசா நகரம், அதாவது இன்றைய துப்ரோவ்னிக், 1377-இல் நோயுள்ள ஊர்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கவேண்டும் என ஆணையிட்டது. பின்னர் வெனிஸ் நகரத்தில் அது நாற்பது நாளாயிற்று. அம்மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ‘குவாரண்டீன்’ என்னும் பெயர் பிறந்தது. வெனிஸ் நகரத்தார் நோயாளரைத் தங்கவைக்கத் தேர்ந்த இடமும் ஒரு தீவுதான் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழர்க்கும் இதில் பட்டறிவு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோர் மண்டபம் முகாமில் நிறுத்தி வைக்கப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். அங்கே வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று அந்தமானிலும் வாழ்கின்றனர்.

விலங்குகளுக்கான தொற்றொதுக்கத்தை விளக்க, நாம் நேரில் பார்த்திராத ஒரு விலங்கை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் அல்பாகா.

அல்பாகா தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடருக்கு உரியது. ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் அதற்குத் திமில் இல்லை. விக்கூனியா என்னும் காட்டு விலங்கிலிருந்து ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பழக்கி உருவாக்கப்பட்ட வீட்டு விலங்கு அது. கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த புல்வெளியே அதன் தாயகம். வகை இரண்டு: சுருண்டு தடித்த மயிருடையது உவாக்காயா, திரிதிரியாய்த் தொங்கும் மயிருடையது சூரி. ஆண்டிற்கு ஒருமுறை மயிரைக் கத்தரிப்பர். ஒரு விலங்கு தரும் மயிர் சில கிலோகிராம் அளவே எனினும், அதன் மென்மையும் வெம்மையும் செம்மறிக் கம்பளியினும் விலையுயர்ந்தவை.

அல்பாகா வளர்ப்போர் முதலில் கற்கும் பாடம், அதனைத் தனியே வளர்க்கக் கூடாது என்பது. மந்தையிலிருந்து பிரித்த அல்பாகா இரை எடுக்காமல் வாடும். எப்போதும் மெல்லிய முனகலால் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். சினந்தால் காறி உமிழும். மந்தை முழுவதும் ஒரே இடத்தில் சாணமிடும் நல்வழக்கம் அதற்கு உண்டு. இதனால் மேய்ச்சல் நிலம் தூய்மையாய் இருக்கிறது. குடற்புழுவும் எளிதில் பரவுவதில்லை. (சில ஊர்களைக் காணுந்தோறும் இவ்வழக்கத்தை நினைத்துக்கொள்வதுண்டு.) சினைக்காலம் ஏறத்தாழ பதினொன்றரைத் திங்கள், ஈற்றுக்கு ஒரு குட்டியே. ஆதலால் மந்தை மெதுவாகவே பெருகும். ஒவ்வொரு விலங்கும் அரிய செல்வமாகக் கருதப்படுவதற்கு இதுவே காரணம்.

அச்செல்வம் வெளியே போவதைப் பெரு நாடு நெடுங்காலம் தடுத்து வந்தது. சார்லஸ் லெட்ஜர் என்னும் ஆங்கிலேயர் மலைப்பாதைகளின் வழியே மறைவாக ஒரு மந்தையை ஓட்டிச் சென்று, பல ஆண்டு இடர்களுக்குப் பின் 1858-இல் 256 விலங்குகளைச் சிட்னி துறைமுகத்தில் இறக்கினார். அம்முயற்சி நிலைக்கவில்லை, மந்தை சிதறிப் போயிற்று. பின்னாளில் சிங்கோனா மர விதைகளைக் கடத்தியதற்காகவே அவர் பெயர் நிலைத்தது. அல்பாகா மீண்டும் பெருந்தொகையாகக் கடல் கடந்தது 1980-களுக்குப் பின்னரே. இம்முறை மறைவழி இல்லை. சோதனையும் சான்றிதழும் கொண்ட நேர்வழி.

அந்நேர்வழி எளிதன்று. ஏற்றுமதிக்குத் தேர்ந்த விலங்கின் கழுத்தில் தோலுக்கடியில் எண் பொறித்த சிறு சில்லு செலுத்தப்படும். சினை முதிர்ந்தவையும் பால்மறவாக் குட்டிகளும் விலக்கப்படும். எஞ்சியவை வேறு கால்நடை நெருங்காத, இரட்டை வேலியிட்ட தொழுவத்தில் ஒரே நாளில் அடைக்கப்படும். இடையில் புதிய விலங்கு ஒன்று நுழைந்தால் நாள்கணக்கு மீண்டும் முதலிலிருந்தே தொடங்கும். காசநோய், கருச்சிதைவு நோய், நீலநாக்கு நோய் முதலியவற்றிற்குக் குருதியிலும் தோலிலும் சோதனை நடைபெறும். குடற்புழுவிற்கும் உண்ணிக்கும் மருந்து தரப்படும். நகம் திருத்தப்படும். வெப்ப நாட்டிற்குச் செல்வதாயின் மயிரும் முன்கூட்டியே கத்தரிக்கப்படும். தொழுவத்தில் பணிபுரிவோர் அங்கேயே உடைமாற்றிக் கால் கழுவி நுழைவர். புறப்படும் நாளில் கால்நடை மருத்துவர் ஒவ்வொன்றையும் மீண்டும் பார்த்துக் கையொப்பமிடுவார். போய்ச் சேர்ந்த நாட்டிலும் இரண்டாம் ஒதுக்கம் காத்திருக்கும். இத்தனை நாளும் மந்தை பிரிக்கப்படுவதில்லை. கூட்டமாகவே ஒதுக்கி வைப்பர்.

ஆஸ்திரேலியா இதற்கெனத் தேர்ந்த இடம் நமக்கு அயலது. இந்திரா முனைக்குத் தெற்கே ஏறத்தாழ 2,100 கிலோமீட்டரில், இதே இந்தியப் பெருங்கடலில், கோகோஸ் கீலிங் தீவுகள் உள்ளன. பெர்த் நகரிலிருந்து அவற்றின் தொலைவு 2,750 கிலோமீட்டர். அங்கே 1981-இல் உயர்பாதுகாப்பு விலங்குத் தொற்றொதுக்க நிலையம் திறக்கப்பட்டது. சுற்றிலும் கடல், தொற்றுவதற்கு அருகில் மந்தைகள் இல்லை. நோய் வெளிப்பட்டாலும் அது தீவிலேயே முடிந்துவிடும். அல்பாகாக்கள் அவ்வழியே சென்றன. 2006-இல் தாய்லாந்திலிருந்து சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் போன எட்டு யானைகள், அத்தீவில் மூன்று திங்கள் தங்கிய பின்னரே பயணம் தொடர்ந்தன. காட்டில் கைவிடப்பட்ட இன்டர்வியூ தீவு யானைகளையும் இந்த யானைகளையும் ஒப்பிட்டால், ஒரே கடலில் உள்ள இரு தீவுகள் எத்துணை வேறான பணிகளைப் பெற்றன என்பது புலப்படும்.

இவ்வளவு செய்தும் ஐயம் முற்றும் நீங்கிவிடுவதில்லை. ஜெரோனிமோ என்னும் அல்பாகா 2017-இல் நியூசிலாந்திலிருந்து இங்கிலாந்திற்குச் சென்றது. அங்கே செய்த காசநோய்ச் சோதனை இருமுறை நோய் உண்டு என்று காட்டியது. உரிமையாளர் சோதனை முறையையே மறுத்து நீதிமன்றம் சென்றார். நான்காண்டு அது தனித்தே வைக்கப்பட்டது. மக்கள் ஊர்வலம் நடத்தினர். 2021 ஆகஸ்டு 31 அன்று அது கொல்லப்பட்டது. பின்னர் செய்த ஆய்வில் நோய்க்கிருமியை வளர்த்துக் காட்டி உறுதிசெய்ய இயலவில்லை. அலுவலர் விதியைக் காத்தனர். வளர்த்தவர் உயிரைக் காக்க முயன்றார். எவர் பக்கம் நின்றாலும் மற்றவர் வாதத்தை முழுதும் தள்ளிவிட முடியாது. என் வகுப்பில் இதனைச் சொன்னபோது மாணவர் இரு கட்சியாகப் பிரிந்தனர். மணி அடித்தும் எழவில்லை.

இந்தியாவில் விலங்கு இறக்குமதிக்கு 1898-ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படை. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை முதலிய நகரங்களில் நடுவண் அரசின் நிலையங்கள் உள்ளன. சென்னை நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது.

நம் தீவுகளிலும் காக்கவேண்டிய செல்வம் உண்டு. குட்டைக் கால்களும் உருண்ட உடலும் கொண்ட நிக்கோபாரிக் கோழி, நாட்டுக் கோழிகளுள் மிகுதியாக முட்டையிடுவது. நிக்கோபாரிப் பன்றியோ விருந்திலும் சடங்கிலும் இடம்பெறுவது. தெரசா தீவின் பெயரால் வழங்கும் ஆடும் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளின் கால்நடைகளைப் பெருமளவில் அழித்தது. எஞ்சியவற்றிலிருந்தே இனங்கள் மீண்டும் பெருக்கப்பட்டன. ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள (முன்னாள் போர்ட் பிளேர்) நடுவண் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. நிலப்பகுதியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கை இழப்பதும், சிறு தீவில் இருப்பதே சில நூறாக அதில் பாதியை இழப்பதும் ஒன்றல்ல. சென்ற கோடை விடுமுறை முடிந்து திரும்புகையில் மாணவன் ஒருவன், “ஐயா, ஊரிலிருந்து இரண்டு சண்டைக்கோழிகளைக் கூடையில் வைத்துக் கொண்டுவரலாமா?” என்று கேட்டான். அவனுக்கு நான் அன்று சொன்ன விடையை இங்கே எழுதவில்லை. கீழே ஐந்தாம் வினாவாக அதனை வைத்துள்ளேன்.

அருஞ்சொற்பொருள்

பல்கி – மிகுந்து
குருதி – இரத்தம்
திங்கள் – மாதம்
ஈற்று – ஈனுதல், ஒருமுறை குட்டி போடுதல்
பால்மறவா – தாய்ப்பாலை விடாத
அயலது – அருகில் உள்ளது
ஆழிப்பேரலை – சுனாமி

பயிற்சி

1. பிரித்து எழுதுக: தொற்றொதுக்கம், ஆழிப்பேரலை, நோயின்மை.
2. ‘குவாரண்டீன்’ என்னும் பெயர் எவ்வாறு பிறந்தது?
3. தொழுவத்தில் இடையே புதிய விலங்கு நுழைந்தால் நாள்கணக்கு ஏன் மீண்டும் தொடங்குகிறது? உம் சொற்களில் விளக்குக.
4. ஜெரோனிமோ வழக்கில் அலுவலர் ஒருவரும் வளர்த்தவரும் பேசுவதாக ஓர் உரையாடல் எழுதுக. இருவரும் நேர்மையாளராகவே பேசவேண்டும்.
5. கூடையில் கோழி கொண்டுவர விரும்பும் நண்பனுக்கு ஒரு மடல் எழுதுக.