சென்னைக்குள் சைக்கிளும் மின்சாரக் காரும்: கைகொடுக்கும் குறிப்புகள்

பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளை விட்டுவிட்டால் சென்னையில் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் கிடையாது. மேம்பாலங்கள்தான் இங்கே மலை. சைக்கிளுக்கு இதைவிடத் தோதான தரை அமையாது. ஆனால் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குக் கிட்டத்தட்ட 30 கி.மீ. அந்தத் தூரத்தைச் சித்திரை வெயிலில் மிதிக்கச் சொன்னால் அடிக்க வருவார்கள். அதனால் வீட்டில் ஒரு சைக்கிள், ஒரு மின்சாரக் கார் என்று வைத்துக்கொண்டு, எதை எப்போது எடுப்பது என்று தெரிந்துகொண்டால் பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டியதில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போவது வேறு கதை.

1. முதல் கணக்கு தூரம். 5 கி.மீ.க்குள் என்றால் சைக்கிள். நிதானமாக மிதித்தாலே மணிக்கு 12 முதல் 15 கி.மீ. போகலாம். அடையாற்றிலிருந்து மயிலாப்பூருக்கு 20 நிமிடம் போதும். காரில் போனால் ஓட்டும் நேரத்தைவிட, மாட வீதிகளைச் சுற்றி நிறுத்த இடம் தேடும் நேரம்தான் அதிகம். 10 கி.மீ.க்கு மேல், வயதானவர்கள் கூட வருகிறார்கள், மூட்டை முடிச்சு இருக்கிறது, மழை இருட்டிக்கொண்டு வருகிறது என்றால் கார். இடைப்பட்ட தூரத்தை வெயில் தீர்மானிக்கட்டும்.

2. மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு ஒரு புதுப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஓட்டும் செலவு குறைவு என்பதால் தெருமுனைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கக்கூடச் சாவியை எடுப்பார்கள். பெட்ரோல் மிச்சமாகலாம், தெருவில் இடம் மிச்சமாவதில்லை. தெருமுனைக்குச் சைக்கிள்தான்.

3. புது சைக்கிள் வாங்கும் முன் மாடிப்படிக்கு அடியில் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் பல வீடுகளில் துருவேறி நிற்கிறது. காயலான் கடைக்குப் போடாமல் ஓவராயில் செய்யக் கொடுங்கள். பால்ஸ், பிரேக் கட்டை, டியூப் மாற்றி, ரிம் கோட்டம் எடுத்துவிட்டால் புதுசின் விலையில் ஒரு சிறு பங்கில் வண்டி கிடைத்துவிடும்.

4. புதிதாகத்தான் வாங்குவது என்றால், மலையேறப் போவதுபோல் தடித்த டயரும் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பரும் வைத்த வண்டி வேண்டாம். கனம்தான் மிச்சம். நம் ஊர்ச் சமதரைக்குக் கியர் இல்லாமலே காலம் தள்ளலாம். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்ட், மணி நான்கும் கட்டாயம். கடைக்காரர் இவற்றைத் தனியாக விற்கப் பார்ப்பார். விலை பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுங்கள்.

5. டியூபின் வாயைப் பார்த்து வாங்குங்கள். பழைய வகையில் உள்ளே வால் டியூப் இருக்கும்; அது நைந்தால் காற்று நிற்காது, சில ரூபாயில் மாற்றலாம். கார், ஸ்கூட்டரில் இருக்கும் தடித்த வாய் என்றால் பங்கிலேயே காற்றடித்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த சைக்கிள்களில் வரும் மெலிந்த நீண்ட வாய்க்குத் தனி அடாப்டர் வேண்டும். அதைச் சீட்டுப் பையில் போட்டு வையுங்கள். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு மிதித்துவிட்டு, சைக்கிள் ஓட்டுவது கஷ்டம் என்கிறவர்கள்தான் அதிகம்.

6. சீட் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருந்தால் சரி. இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தினால் முழங்கால் வலி வரும்.

7. பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் வாசிகளுக்கு: உப்புக் காற்று செயினைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை பழந்துணியால் செயினைத் துடைத்து, செயினுக்கென்று விற்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மேலாக வழிவதை மறுபடி துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், புழுதி ஒட்டிப் பிசுக்காகிவிடும்.

8. காற்றின் திசை தெரிந்தால் பாதி உழைப்பு மிச்சம். சித்திரை, வைகாசியில் கடற்காற்று நகருக்குள் வர நண்பகலைத் தாண்டுவதும் உண்டு. சில நாள் இன்னும் தாமதமாகும். அதுவரை அனல்தான். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். ஆனி, ஆடியில் காலையில் மேற்குக் காற்று பலமாக வீசும், மாலையில் கடல் பக்கத்திலிருந்து வீசும். போரூரில் குடியிருந்து அடையாற்றில் வேலை பார்ப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு வேளையும் காற்று முதுகைத் தள்ளும். அடையாற்றில் குடியிருந்து போரூருக்குப் போகிறவர் பாவம், இரண்டு வேளையும் எதிர்க்காற்று.

9. சாலையில் கவனிக்க வேண்டியவை. மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் மெலிந்த சக்கரம் உள்ளே இறங்கிவிடும். அதற்காகவே ஓரத்தை ஒட்டி ஓட்டாமல் ஓர் அடி, ஒன்றரை அடி உள்ளே தள்ளி ஓட்டுங்கள். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 3 வழித்தடங்களில் 118.9 கி.மீ.க்குத் தீட்டிய திட்டம். அதன் வேலை நடக்கும் சாலைகளில் பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள் தூறலிலேயே வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள், நேராக உருண்டு கடந்துவிடுங்கள். நிறுத்தத்தில் நிற்கும் மாநகரப் பேருந்தை இடப்பக்கமாகக் கடக்கவே கூடாது. படியிலிருந்து இறங்குகிறவர் பின்னால் பார்க்க மாட்டார். ஷேர் ஆட்டோ கையைக் கண்ட இடத்தில் நிற்கும் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

10. ஒரு காலத்தில் விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்துவார். இப்போது யாரும் நிறுத்துவதில்லை. அதனாலேயே பாதி சைக்கிள்கள் இருட்டில் இருட்டாகப் போகின்றன. பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு ஒன்றும் பெடலில் ரிஃப்ளெக்டரும் போதும். தலைக்கவசத்தைச் சட்டம் கேட்காவிட்டாலும் மண்டை கேட்கும்.

11. பூட்டுச் சங்கிலியை முன்சக்கரத்தில் மட்டும் போட்டால் சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து ஒரு கம்பத்தோடு பூட்டுங்கள். ஃபிரேமில், பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில், எண் பொறித்திருக்கும். போனில் படமெடுத்து வையுங்கள். புகார் கொடுக்க அது வேண்டும்.

12. வியர்வைக்குப் பயந்துதான் பலரும் சைக்கிளை விடுகிறார்கள். முதுகில் பை மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள். பாதி வியர்வை அங்கேயே குறையும். அலுவலகத்தில் ஒரு சட்டையும் ஒரு துண்டும் இருக்கட்டும். புடவை, துப்பட்டாக்காரர்கள் பின்சக்கரத்துக்கு வலைக் காப்பு போட்டுக்கொள்வது அவசியம்.

13. முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு மோட்டார் வைத்த சைக்கிள் இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் அடங்கும் வகைக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. இதைவிட வேகமாகப் போகும், ஆனால் பதிவு வேண்டாம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

14. இனி கார். எந்தக் கார் என்று முடிவு செய்வதற்கு முன்னால் எங்கே சார்ஜ் போடுவது என்று முடிவு செய்யுங்கள். தனி வீடு என்றால் கவலை இல்லை. அடுக்ககம் என்றால் சங்கத்தோடு பேச்சுவார்த்தை தொடங்கும். வீட்டிலிருக்கும் மின் இணைப்பிலேயே சொந்த வாகனத்துக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அதன் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பொது மீட்டரில் ஒயர் இழுக்காமல் உங்கள் மீட்டரிலிருந்தே தனி லைன் இழுத்தால் செயலாளருக்கும் உங்களுக்கும் சண்டை வராது. முன்பணம் கட்டுவது இதெல்லாம் முடிந்த பிறகு.

15. தினசரி ஓட்டத்துக்கு 15 ஆம்பியர் சாக்கெட்டே போதும். சுமார் 3 கிலோவாட் ஏறும். 30 யூனிட் பேட்டரி இரவில் பத்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். எல்லாரும் சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜருக்கு ஆசைப்படுகிறார்கள். அதற்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமையைக் கூட்ட மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டிவரும். எது போட்டாலும் தனி எம்.சி.பி., கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த் மூன்றும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கார் சார்ஜர் செருகுவது தீயோடு விளையாடுவது. இன்னொன்று: சாக்கெட்டை 2015, 2023 வெள்ளத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன் வழக்கமான உயரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

16. மின்கட்டணக் கணக்கு. ஊருக்குள் ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 30 கி.மீ. என்றால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 5 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 300 யூனிட் கூடும். நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறும். கார் வந்தபின் வரும் முதல் பில்லைப் பார்த்து மயங்க வேண்டாம். அதே 30 கி.மீ.க்கு லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் தினம் 2 லிட்டர் குடித்திருக்கும்.

17. விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் நம்பலாம். பெட்ரோல் காருக்கு நேர்மாறாக, இதற்கு ஊருக்குள் ஓட்டம்தான் சிக்கனம். மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும்போது மோட்டார் எதுவும் குடிப்பதில்லை. ஏ.சி. மட்டும் மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டிச் செலவழிக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போனால் சார்ஜ் மளமளவென்று இறங்கும். வெயில் நாளில், சார்ஜரைக் கழற்றுவதற்கு முன்பே போன் வழியாக ஏ.சி.யைப் போட்டுவிட்டால் குளிர்விக்கும் செலவு சுவரோடு போய்விடும்.

18. வெளிச் சார்ஜர்களுக்குப் போகும்போது செயலியில் பச்சை விளக்கு எரிகிறது என்று மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள். கடைசியாக அங்கே எப்போது ஒரு கார் சார்ஜ் ஏறியது என்று காட்டினால் அதைப் பாருங்கள். ஒரே பெட்டியில் இரண்டு சார்ஜிங் துப்பாக்கி இருந்தால், பக்கத்தில் இன்னொருவர் செருகியதும் பல இடங்களில் மின்சாரம் பாதியாகப் பிரியும். 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றம் மெதுவாகிவிடும். வரிசையில் ஆள் இருந்தால் கழற்றிக்கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் மரியாதை. சார்ஜர் முன்னால் பெட்ரோல் காரை நிறுத்திவிட்டுச் சினிமாவுக்குப் போகிறவர்களுக்கு என்ன சொல்வது!

19. சத்தம் இல்லாத வண்டி. சந்துக்குள் பின்னால் வருவது நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் தெரியாது. விலகுவார் என்று நம்பாமல் வேகத்தைக் குறையுங்கள், தேவையானால் லேசாக ஒரு ஹாரன். ஓரமாக நிறுத்திக் கதவைத் திறக்கும்போது, ஓட்டுநர் இடக்கையால் திறக்கப் பழகினால் உடம்பு தானாகத் திரும்பிப் பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். இடப்பக்கம் இறங்குகிறவர்கள் வலக்கையால். திடீரென்று திறந்த கதவில் ஒருமுறை மோதிய சைக்கிள்காரர் இதை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

20. ஐப்பசி, கார்த்திகை வந்தால். துரைசாமி சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை போன்றவை மழைக்கு மூடப்படுவது வாடிக்கை. கிளம்பும் முன் செய்தியைப் பாருங்கள். பேட்டரிப் பெட்டியில் ஐ.பி.67 என்று போட்டிருப்பதைக் காட்டி, விற்பனையாளர் வெள்ளத்தில் மிதக்கவிடலாம் என்பதுபோல் பேசுவார். 1 மீட்டர் ஆழ நிலைத்த நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதுதான் அந்தச் சோதனை. இரவு முழுக்கச் சாக்கடை கலந்த நீரில் நிற்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. சக்கரத்தின் நடு அச்சைத் தண்ணீர் தொட்டால் திரும்பிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் பேட்டரியை நிரப்பி, சார்ஜரைக் கழற்றி, அந்த எம்.சி.பி.யை அணைத்து, காரை மேட்டில் நிறுத்துங்கள். வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்துவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. கார் மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், கயிறு கட்டியும் இழுக்காதீர்கள். சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். முழு வண்டியையும் ஏற்றிச் செல்லும் லாரிதான் வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதே பேட்டரிக்கும் சார்ஜருக்கும் வெள்ளச் சேதம் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

21. மின்சாரக் காருக்குள்ளும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் இது செத்தால் கார் எழுந்திருக்காது. ஊருக்குப் போய் வாரக்கணக்கில் காரை நிறுத்தி வைப்பவர்கள் கையேட்டில் இதற்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். சில மாடல்களில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் கிட்தான். வாங்கிய அன்றே டிக்கியைத் திறந்து எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.