நீலத்திரை வந்தால் ஃபார்மட்தான் வழியா?

கேள்வி: அப்டேட் ஆனதிலிருந்து என் லேப்டாப் திடீர் திடீரென நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. கடைக்காரர் ஃபார்மட் செய்யச் சொல்கிறார். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. அவசரப்பட்டு ஃபார்மட் செய்யாதீர்கள். பெரும்பாலும் இது டிரைவர் (சாதனங்களை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) கோளாறாக இருக்கும். சாதாரண மென்பொருள் பழுதானால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர்களில் பல விண்டோஸின் கருவான கெர்னலுக்குள்ளேயே இயங்குவதால், அங்கே ஒன்று தவறினால் மொத்த கணினியும் நின்றுவிடும். உதாரணமாக, 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்று, கெர்னலில் இயங்கிய அதன் டிரைவரைக் குலைத்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின.

அடுத்த முறை நீலத்திரை வரும்போது செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். ‘வாட் ஃபெயில்டு’ என்ற வரியில் ஒரு கோப்பின் பெயர் இருந்தால், எந்த டிரைவர் என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். பிறகு டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கி நிறுவுங்கள். விண்டோஸே திறக்காவிட்டால் சேஃப் மோடில் இதைச் செய்யலாம்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் டிரைவரை விட்டுவிட்டு ராம் நினைவகத்தைச் சோதியுங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களைத் தயவுசெய்து நிறுவாதீர்கள்.