தாயக்கட்டை போதும், தைரியமா ஆரம்பி: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

பாப்பா, மே மாத லீவுக்கு நயினார்கோவில் போனதும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளை உட்கார வச்சு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தப் போறேன்னு சொன்னே. ஹாஸ்டல் காலத்துலேர்ந்து டன்ஜன் மாஸ்டரா, அதாவது டி.எம்.மா உட்கார்ந்து கதை நடத்தின அக்கா இருக்கிறப்ப, நீ எதுக்குத் தடுமாறணும்? உன் முதல் ஆட்டத்துக்கு வேண்டியதை எல்லாம் சொல்லிடறேன்.

முதல்ல காசு. புத்தகம், பொம்மை, பளபளக்கிற டைஸ்னு ஆன்லைன்ல ஆயிரக்கணக்கில் செலவழிக்காதே. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் இந்த விளையாட்டை வெளியிட்டப்ப, பெட்டிக்குள்ள இருந்தது மூணே மூணு சின்னப் புத்தகம்தான். இன்னிக்கு இதை வெளியிடற விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், ஐந்தாம் பதிப்போட அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்து விட்டுடுச்சு. எஸ்.ஆர்.டி. 5.1னு தேடினா இலவசமாவே கிடைக்கும். எங்கிருந்து எடுத்ததுன்னு குறிப்பிட்டுட்டா, அதைத் தமிழாக்கி அச்சடிச்சுக் கொடுக்கிறதுக்கும் அனுமதி உண்டு. நானூறு பக்கத்தையும் படிச்சு முடிக்கணும்னு பயப்படாதே. வீரன், திருடன், பூசாரி, மந்திரவாதி, இந்த நாலு பாத்திரம் போதும். ஆளுக்கு ஒரு தாள்ல தமிழ்ல எழுதிக் கொடு. நம்ம சின்னப் பிள்ளைகள் இங்கிலீஷ் பார்த்துத்தான் முதல்ல ஒதுங்கும்.

அடுத்தது டைஸ். இந்த விளையாட்டோட உயிரே இருபது பக்க டைஸ். பரமக்குடிக் கடையில் அது இல்லைன்னா கவலைப்படாதே, அப்பத்தா வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை இருக்குல்ல? ஒரு கட்டைக்கு நாலு பக்கம்: வெறுமை, 1, 2, 3. கூடவே 1லேர்ந்து 5 வரை அஞ்சு சீட்டு எழுதிச் சொம்புல போடு. ஒரு கட்டையை உருட்டி, விழுந்த எண்ணை அஞ்சால பெருக்கி, எடுத்த சீட்டைக் கூட்டு. வெறுமையும் 1ம் வந்தா 1. மூணும் 5ம் வந்தா 20. ஒண்ணுலேர்ந்து இருபது வரை எல்லா எண்ணும் சமமா விழும். சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க மறக்காதே. நாலு பக்க டைஸ் வேணுங்கிற இடத்தில் வெறுமையை 4ன்னு வச்சுக்கோ. ஆறு பக்கத்துக்கு லூடோ டைஸ் இருக்கு. பன்னிரண்டு பக்கத்துக்கு ரெண்டு லூடோ டைஸைக் கூட்டிடாதே, 7 தான் அடிக்கடி வரும், 1 வரவே வராது. ஒரு டைஸை உருட்டி, நாணயம் சுண்டித் தலை விழுந்தா 6 சேர்த்துக்கோ.

விதியில் ஒண்ணே ஒண்ணு பிடிபட்டா போதும்: இருபது பக்க டைஸில் விழுந்த எண்ணோட பாத்திரத்தின் கூடுதலைச் சேர்த்தா, அது இலக்கை எட்டணும். வீரனா ஆடற பெரியப்பா மகன், 'கண்மாய் மடைக் கதவைத் தூக்கறேன்'ங்கிறான். அவன் வலிமை 16, அதனால கூடுதல் 3. காரியம் நடுத்தரக் கஷ்டம், இலக்கு 15. கட்டையில் 2, சீட்டில் 1. ஆக 11, கூடுதலோட 14. ஒண்ணுல போச்சு. இங்கதான் புது டி.எம். 'முடியலை'ன்னு சொல்லி ஆட்டத்தைப் படுக்க வச்சுடுவாங்க. நீ இப்படிச் சொல்லு: 'கதவு ஒரு சாண் எழும்புது. சங்கிலி அறுந்து சத்தம் போடுது. கரைமேல யாரோ லாந்தரோட வர்றாங்க. என்ன செய்றே?' அந்தக் கடைசிக் கேள்வியை ஒவ்வொரு தடவையும் கேளு. வாயே திறக்காத பிள்ளையைப் பார்த்து முதல்ல கேளு.

கதைக்குப் பனிமலையும் கோட்டையும் எதுக்கு? 2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடல்' தொகுப்பில் நம்ம நாட்டு எழுத்தாளர் மிமி மொண்டல் வங்கத்து மண்ணை வச்சே ஒரு சாகசம் எழுதினாங்க. அதைப் பார்த்ததும் நம்ம ராமநாதபுரத்துக்கு என்ன குறைச்சல்னு தோணிச்சு எனக்கு. இப்படி ஆரம்பி: இந்த வருஷம் தேர்த்தங்கல் கண்மாய்க்குப் பறவையே வரலை, ஏன்? வறண்ட கண்மாய், சீமைக்கருவேலங்காடு, கடற்கரை, மூணு இடம் போதும். ரெண்டு மணி நேரத்தில் முடிஞ்சிடும்.

ஆனா ஒண்ணு, பாப்பா. விதிநூல்ல நாகமும் இருக்கு. நாகநாதர் குடியிருக்கிற ஊர்ல, இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து கும்பிடற சந்நிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துக்கிட்டு நாகத்தை வெட்டற கதை வேண்டாம். அதே நூல்ல காவல் நாகம்னு நல்ல பாத்திரமே இருக்கு, அதை வழிகாட்டியாக்கு. தனுஷ்கோடி இடிபாட்டைப் பேய் வீடாக்கவும் வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் சொந்தத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள் ராமேஸ்வரத்தில் இன்னும் இருக்கு. அவங்க துக்கம் நமக்குத் திகில் காட்சி ஆகக் கூடாது.

ஆடற இடத்துக்கு நடுவுல ஒரு தாள்ல பெரிசா எக்ஸ் போட்டு வை. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கின வழக்கம் இது. யாருக்காவது ஒரு காட்சி பயமாவோ சங்கடமாவோ இருந்தா அந்தத் தாளைத் தொட்டாப் போதும், காரணம் கேட்காம அடுத்த காட்சிக்குப் போயிடணும். சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடத்தில் இதை நான் கட்டாயம்னே சொல்வேன்.

திண்ணையிலயே ஆடுங்க, கதவைச் சாத்திக்கிட்டு வேண்டாம். அமெரிக்காவிலேயே எண்பதுகளில் இந்த விளையாட்டைப் பேய் வழிபாடுன்னு பெத்தவங்க மிரண்டு போயிருக்காங்க. சித்திக்கு ஒரு பாத்திரம் கொடுத்து உட்கார வை, கதை கேட்டு வளர்ந்தவங்க உன்னைவிட நல்லாவே ஆடுவாங்க. வெயில் தாழ நாலு மணிக்குத் தொடங்கினா, தெரு தள்ளியிருக்கிற பெண் பிள்ளைங்க இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேரலாம். நாலு பேருக்கு மேல முதல் நாள் சேர்க்காதே.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிக் காட்டற கிரிட்டிக்கல் ரோல் நிகழ்ச்சி மாதிரி வரலையேன்னு மட்டும் ஏங்காதே. அவங்க குரல் நடிப்பையே தொழிலா வச்சிருக்கிறவங்க. லீவு முடிஞ்சு சென்னைக்கோ பெங்களூருக்கோ போனா போர்டு கேம் கஃபேல புது ஆட்களுக்கு இடம் கொடுக்கிற குழுக்களைத் தேடிப் பாரு, உன்கிட்ட ஊர்க்கதை இருக்கிறதே உனக்குப் பலம்.

கடைசியா, ஆட்டம் முடிஞ்சதும் யாரையும் உடனே எழுந்து போக விடாதே. அடுத்த ஆட்டம் எந்தக் கிழமைன்னு பேசி முடிச்சு, நாலு தாள்லயும் தேதியைக் குறிச்சிட்டு அப்புறம் அனுப்பு. நல்லாப் போன எத்தனையோ ஆட்டம், தேதி குறிக்காததாலேயே அத்தோட நின்னுபோச்சு.