சொந்தக் கருத்தெழுத்துகள்: எந்த வழியில் உருவாக்கலாம்?

நாட்குறிப்புக்கோ வாசிப்புக் குறிப்புகளுக்கோ சொந்தமாகக் கருத்தெழுத்துகள், அதாவது ஒலியை அல்லாமல் கருத்தையே காட்டும் குறிகள், உருவாக்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது, எதை அடிக்கடி எழுதப்போகிறோம் என்பதை. கண்ணுக்குத் தெரியும் பொருள்களையா, கடமை, நம்பிக்கை, சந்தேகம் போன்றவற்றையா?

பொருள்கள்தான் அதிகம் என்றால் படமாகவே வரையலாம். வியன்னாவில் 1925-இல் ஓட்டோ நியூராத் தொடங்கிய அருங்காட்சியகத்தில் வளர்ந்த ஐசோடைப் என்ற படக்குறி முறை இதற்கு நல்ல முன்மாதிரி. அதன் ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் வடித்த தொழிலாளியையும் கப்பலையும் எந்த நாட்டவரும் அடையாளம் காண்பார். எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்காமல், அதே உருவத்தை மேலும் மேலும் அடுக்குவது அவர்கள் விதி; நாமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சந்தேகத்துக்கு என்ன படம் போடுவது?

அங்கே சில அடிப்படை உருவங்களைச் சேர்த்துப் பொருள் உண்டாக்கும் கூட்டுமுறை கைகொடுக்கிறது. செர்னோவிட்ஸ் நகரில் 1897-இல் பிறந்த சார்லஸ் பிளிஸ், நாஜி வதைமுகாம்களிலிருந்து விடுதலையாகி, பின்னர் ஷாங்காய் சேர்ந்தவர். அங்கே கண்ட சீன எழுத்துகள் தந்த உந்துதலில் ஒரு குறியமைப்பை உருவாக்கி, ஆஸ்திரேலியாவில் குடியேறிய பின் 1949-இல் நூலாக வெளியிட்டார். அதில் இதயம் என்றால் உணர்வு. பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு வந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கி வந்தால் சோகம். குறியின் தலையில் சிறு கூம்பு வைத்தால் அது செயலாகிவிடும். உருவம் சில, பொருள் பல என்ற இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்தது. பேச இயலாத பெருமூளை வாதக் குழந்தைகள் 1971 முதல் டொரண்டோவில் இந்தக் குறிகளைச் சுட்டித் தங்கள் மனதைச் சொன்னார்கள். ஒரு குறியமைப்புக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை. ஆனால் நாமே செய்யும்போது மூன்று உறுப்புகளுக்கு மேல் கூட்டினால் விடுகதையாகிவிடும்.

மூன்றாவது வழி, சொல்லையே ஒரு குறியாகச் சுருக்குவது; அது நம் பழைய கணக்கேடுகளில் இருக்கிறது. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸. வேகத்தில் இதை வெல்ல முடியாது. தமிழ் தெரியாதவருக்குப் புரியாது என்பது தனிப்பட்ட குறிப்பேட்டில் குறையே அல்ல. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: முதலெழுத்தை வளைத்துக் குறி செய்தால் சந்தேகம், சட்டம், சமூகம் எல்லாம் 'ச'வில் வந்து மோதும்.

என் பரிந்துரை, கூட்டுமுறையை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது அடிப்படை உருவங்கள் தொடங்கப் போதும். பக்கத்துக்குப் பக்கம் வரும் சொற்களை மட்டும் மூன்றாம் வழியில் சுருக்குங்கள். எந்தக் குறியும் நான்கைந்து கோடுகளைத் தாண்ட வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் பழைய பக்கத்தைப் புரட்டுங்கள். தயங்கவைக்கும் குறியை மாற்றி, கடைசிப் பக்க அகராதியில் தேதியோடு எழுதுங்கள். கணினியில் தட்டச்சு செய்ய ஆசையிருந்தால், எழுத்துரு தயாரித்து யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் வைக்கலாம். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் அவை வெறும் கட்டங்களாகத் தெரியும் என்பதால், பிறருக்கு அனுப்பும்போது படமாக மாற்றி அனுப்புங்கள்.