கடன் வாங்கி பி.எட். படிக்கலாமா?

கேள்வி: மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டாள். கடன் வாங்கி பி.எட். சேர்க்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள், அம்மா. 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதுவரை மகள் சம்பாதிக்காததும் செலவுதான். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் பட்டம் வாங்கியதும் அது கிடைத்துவிடாது. முதலில் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு. பொதுப் பிரிவினர் 150-க்கு 90 எடுக்க வேண்டும். அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) போட்டித் தேர்வு, அதற்கான அறிவிப்புக்குக் காத்திருப்பு. அந்தக் காலத்தில் பலருக்கும் தனியார் பள்ளிதான் சோறு போடுகிறது. அந்தச் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா? உங்கள் ஊர்ப் பள்ளிகளில் விசாரித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் கடன் வேண்டவே வேண்டாம். அரசுக் கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள். அங்கே கட்டணம் மிகக் குறைவு.