பாக்கிக்கும் உண்டு காலக்கெடு

"கடன் அன்பை முறிக்கும்" என்று பலகை மாட்டிவிட்டு, அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று கடன் கொடுப்பவர்கள் நாம். கடன் இல்லாமல் மளிகை வியாபாரம் நடக்காது. ஆனால் கொடுத்த கடனைச் சட்டப்படி கேட்கும் உரிமைக்கு ஒரு கெடு உண்டு. நம்மில் பலர் அதை வழக்குப் போடப் போகும் நாளில்தான் வக்கீல் மூலம் அறிகிறோம்.

கெடு எவ்வளவு?

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். தவணை பேசாமல் கொடுத்திருந்தால் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து கணக்கு. தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து கணக்கு.

ஓர் உணவு விடுதிக்கு 12.8.2022 அன்று 48,000 ரூபாய்க்கு அரிசியும் பருப்பும் தவணை பேசாமல் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். வழக்குப் போடக் கடைசி நாள் 12.8.2025. ஒவ்வொரு பில்லுக்கும் இப்படித் தனித்தனியே கெடு ஓடும். கெடு தாண்டிவிட்டால், எதிராளி அதைச் சொல்லாவிட்டாலும் நீதிமன்றமே வழக்கைத் தள்ள வேண்டும் என்பது சட்டம்.

கெடுவை நீட்டுவது எது?

நாம் நேரில் போய்க் கேட்பது நீட்டாது. ஆள் அனுப்புவது நீட்டாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அதுவும் தவறு.

சட்டம் ஏற்பவை இரண்டு. ஒன்று, பாக்கி உண்டு என்று கடன்காரர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவது (பிரிவு 18). மற்றொன்று, பாக்கியில் ஒரு பகுதியைச் செலுத்தி, செலுத்தியதை அவர் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ தருவது (பிரிவு 19). அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும்.

இரண்டுமே கெடு முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும். மேற்சொன்ன விடுதிக்காரர் 1.8.2025 அன்று கையெழுத்திட்டிருந்தால் 1.8.2028 வரை வழக்குப் போடலாம். 20.8.2025 அன்று "பாக்கி உண்டு" என்று மட்டும் எழுதித் தந்திருந்தால் பயனில்லை. கெடு முடிந்த கடனுக்கு, "இந்தத் தொகையைத் தருகிறேன்" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குறுதியே வேண்டும். அதை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவு ஏற்கிறது.

கையெழுத்து கடன்காரருடையதாகவோ அவர் அதிகாரம் அளித்தவருடையதாகவோ இருக்க வேண்டும். சரக்கெடுக்க வந்த பையனின் கையெழுத்தை நம்பி இருந்துவிடக் கூடாது.

நம் பேரேடு போதாதா?

முறையாக எழுதி வந்த கணக்குப் புத்தகம் சாட்சியமாகும். ஆனால் அது மட்டுமே ஒருவர் மீது கடனைச் சுமத்தப் போதாது. பழைய சாட்சியச் சட்டம் சொன்ன இதே விதியை, 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் தன் 28ஆம் பிரிவில் சொல்கிறது. கம்ப்யூட்டரில் வைத்த கணக்குக்கும் இது பொருந்தும். எனவே பேரேட்டுக்குத் துணையாகப் பில், சரக்குப் பெற்ற ஒப்புகை ஆகியவை வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆண்டுக்கு ஒரு முறை, கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில், ஒவ்வொரு பற்று வரவுக்காரரிடமும் பாக்கித் தொகை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குவோம். "இன்று வரை நான் தர வேண்டிய பாக்கி ரூ. 48,000" என்ற ஒரு வரி போதும்.

2. சில்லறையாக வரவு வரும்போதும், கைபேசி வழியே பணம் வந்தாலும், பற்று நோட்டில் அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுவோம்.

3. இரண்டரை ஆண்டு தாண்டிய பாக்கிகளைத் தனியே பட்டியலிடுவோம். கையெழுத்துத் தர மறுப்பவர் விஷயத்தில் மீதி ஆறு மாதத்துக்குள் வக்கீலைப் பார்ப்போம்.

பழகிய வாடிக்கையாளரிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஒருவரிடம் மட்டும் கேட்டால் அவர் மனம் நோகும். எல்லோரிடமும் ஒரே மாதத்தில் கேட்டால் அது கடை வழக்கமாகிவிடும். யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

கெடு தாண்டினாலும் கடன் கடன்தான். அவராக மனம் வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தடையில்லை. ஆனால் நம் முதல் அவர் மனத்தை நம்பி நிற்க வேண்டாமே!