பெட்டியும் பெயர்ச் சீட்டும்

கைத்தறி நெய்வோருக்கு வீடே தொழிற்கூடம். தறி நிற்கும் கூடத்திலேயே நூல், நாடா, அச்சு, விழுது, சாயம் அனைத்தும் இருக்கின்றன. எது எங்கே உள்ளது என்பது குடும்பத் தலைவருக்கு மட்டும் தெரிந்தாற் போதாது. பெட்டியே சொல்லுதல் வேண்டும்.

முதலில் நூல். 840 கஜம் கொண்ட கழிகள் ஒரு ராத்தல் எடைக்கு எத்தனையோ, அதுவே நூலின் நம்பர். 60-ஆம் நம்பரும் 80-ஆம் நம்பரும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. தார்கள் கலந்துவிட்டால் ஊடையில் பட்டை விழும். நெய்த பின் திருத்த வழியில்லை. வெவ்வேறு நாளில் சாயமிட்ட நூலும் அவ்வாறே. ஆதலால் நம்பர், நிறம், சாயமிட்ட நாள் மூன்றையும் சீட்டில் எழுதுக.

சாயப் பொருள்களிலோ பிழை உயிரையே தொடும். காஸ்டிக் சோடாவும் சலவைச் சோடாவும் வெண்மையானவை. ஆனால் காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் வேகச் செய்யும். அலுமினியப் பாத்திரத்தை அரிக்கும். ஹைட்ரோஸ் சிறிது ஈரம் பட்டாலே சூடேறித் தீப்பற்றக்கூடும். இவற்றை இறுக மூடிய தனித்தனிக் கலங்களில், உலர்ந்த இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். தின்பண்ட டப்பாக்களில் இடுதல் கூடவே கூடாது. படிக்க அறியாதாரும் உணருமாறு சிவப்புக் குறியும் இடுக.

மூடிகள் இடம் மாறும்; எனவே சீட்டைப் பெட்டியின் உடலில் ஒட்டுக. மை ஈரத்தில் கரையும். பென்சில் எழுத்து நிற்கும். பெட்டி காலியானால் பழைய சீட்டைக் கிழித்த பின்னரே வேறு பொருளை இடுக. பொய்ச் சீட்டு, சீட்டில்லாமையினும் கொடிது.

அடுத்த பாவு ஏற்றுமுன் ஒரு மாலைப் பொழுதை இப்பணிக்கு ஒதுக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.